ரோசோ படகுத்துறை: செனகலிலிருந்து மௌரித்தானியாவுக்குக் கடக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோசோ என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. செனகல் ஆற்றின் தென்கரையில் இருப்பது செனகலைச் சேர்ந்தது, வடகரையில் இருப்பது மௌரித்தானியாவைச் சேர்ந்தது. நடுவில் ஓடும் ஆறுதான் எல்லை. வண்டிகளையும் லாரிகளையும் பெரிய ஃபெர்ரி ஏற்றிச் செல்கிறது. கையில் பையோடு வருகிறவர்களுக்கு பிரோக் எனப்படும் நீண்ட மரப்படகுகளும் இருக்கின்றன. தண்ணீரில் இருப்பது சில நிமிடங்கள்தான். ஆனாலும் மேற்கு ஆப்பிரிக்காவில் தனியாகச் சுற்றுகிறவர்கள் ரொம்பவும் பயப்படும் எல்லைகளில் இது ஒன்று. சிக்கல் எல்லாம் இரண்டு கரைகளிலும்தான் நடக்கிறது. அதில் பெரும்பகுதி நாமே அவசரப்பட்டு வரவழைத்துக்கொள்வது.

பெரிய தவறு, பாஸ்போர்ட்டைக் கைவிட்டுப் போகவிடுவது. நானே செய்திருக்கிறேன். செனகல் பக்கம் காரிலிருந்து இறங்கி முதுகுப்பையை மாட்டிக்கொண்டு நிமிர்வதற்குள் ஒருவர் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஏதோ அட்டை, நல்ல ஆங்கிலம். "பாஸ்போர்ட் கொடுங்கள், முத்திரை வாங்கித் தருகிறேன்" என்றார். அவர் அதிகாரி என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன். அவர் தரகர். முத்திரை விழுந்த பாஸ்போர்ட் அவர் கையில் இருக்கும்போது, அவர் கேட்ட தொகையைப் பற்றிப் பேரம் பேச எனக்கு வழியே இல்லை. சீருடை போட்டவரிடமோ கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரிடமோ மட்டும் பாஸ்போர்ட்டை நீட்டுங்கள். அதையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, திரும்பி வரும்வரை அங்கேயே நில்லுங்கள். மற்றவர்களிடம் "சலாம் அலைக்கும்" என்று சொல்லிவிட்டு, சிரித்தபடி "நோன், மெர்சி" (பிரெஞ்சில் 'வேண்டாம், நன்றி') என்று நகர்ந்தால் போதும். கோபப்பட வேண்டாம். அந்தத் துறையில் சுமை தூக்கியும் வழிகாட்டியும் நேர்மையாகப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் உதவி உண்மையிலேயே வேண்டுமென்றால், எதற்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

அடுத்தது, வெளியேறும் முத்திரை இல்லாமல் படகில் ஏறுவது. "ஏறுங்கள் ஏறுங்கள், படகு கிளம்புது" என்று அவசரப்படுத்துவார்கள். ஏறிவிட்டால் அக்கரையில் செனகல் முத்திரை எங்கே என்று கேட்பார்கள், திரும்பி வர வேண்டியிருக்கும். ஒரு படகு போனால் அடுத்தது வரும். ஆற்றோரக் குடும்பங்களுக்கு இரு கரையிலும் உறவுகள் உண்டு, வொலோஃப், புலார் மொழிகள் இரு பக்கமும் பேசப்படுகின்றன, அதனால் சின்னத் தோணிகளில் அவர்கள் போய்வருவதைப் பார்ப்பீர்கள். அதைப் பார்த்து நாமும் வேறொரு துறையில் மலிவாகக் கடந்துவிடலாம் என்று நினைக்கவே கூடாது. ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளுக்கு அனுமதியில்லாமல் படகில் போகிறவர்களைத் தடுக்க மௌரித்தானியா 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்துடன் 210 மில்லியன் யூரோ உடன்படிக்கை செய்துகொண்டது. அதற்குப் பிறகு சோதனைகள் இறுகிவிட்டன. முத்திரை இல்லாமல் கரையேறும் வெளிநாட்டவரை யாரும் சுற்றுலாப் பயணி என்று நம்பப் போவதில்லை.

விசாவில் பழைய குறிப்புகளை நம்பி மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. முன்பு ரோசோவிலேயே விசா வாங்கிவிடலாம். 2025 ஜனவரி முதல் இணையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெற்றுத்தான் வர வேண்டும். அந்த அனுமதியை அச்செடுத்து வையுங்கள், போனில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் தீரும்போது கஷ்டம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றும் கட்டாயம் இருக்கட்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். சென்னைக்காரர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். அந்த மஞ்சள் அட்டை இல்லாமல் இந்தியா திரும்பினால் இங்கேயும் தனிமைப்படுத்துவார்கள் என்பதை நிறையப் பேர் யோசிப்பதில்லை.

பண விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் சத்தமில்லாமல் காசு போகிறது. செனகலில் சேஃபா ஃபிராங்க், ஒரு யூரோவுக்கு 655.957 என்று நிலையாகக் கட்டிவைத்த மதிப்பு. மௌரித்தானியாவில் உகியா. 2018 ஜனவரி 1 அன்று அவர்கள் ஒரு சைபரை வெட்டிவிட்டார்கள்: பத்துப் பழைய உகியா இப்போது ஒரு புதிய உகியா. ஆனால் வாய்ப்பேச்சில் பழைய கணக்கு இன்னும் போகவில்லை. டீக்கடையில் ஒருவர் "ஆயிரம்" என்றால் அது நூறு புதிய உகியாவாக இருக்கலாம். கார் ஓட்டுநர் சொல்லும் தொகையும் அப்படித்தான். கேட்டவுடன் நோட்டை நீட்டாமல், "புதுசா, பழசா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் உங்களிடமுள்ள நோட்டைக் காட்டி, இதில் எத்தனை என்று கேளுங்கள். துறையில் சூழ்ந்துகொண்டு மாற்றித் தருகிறவர்களிடம் மொத்தப் பணத்தையும் கொடுக்காதீர்கள். அன்றைக்குத் தேவையானதை மட்டும் மாற்றி, அவர்கள் எண்ணியதை நீங்களும் ஒருமுறை எண்ணிவிட்டு, அப்புறம் உங்கள் நோட்டைக் கொடுங்கள். சேஃபாவில் சில்லறை கொஞ்சம் தனியாக வைத்திருந்தால் படகுக்கூலி கொடுக்கும்போது மொத்தப் பணத்தையும் வெளியே எடுக்க வேண்டியதில்லை.

மதியம் போய்ச் சேருவது இன்னொரு தவறு. உச்சிவேளையில் சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் ஃபெர்ரியும் அலுவலகங்களும் நின்றுவிடும். வெள்ளிக்கிழமை இன்னும் மந்தம். வெயிலில் நிழல் தேடி அலையும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் தரகர்களின் பிடியில் சிக்குவோம். செனகலின் செயின்ட் லூயி நகரில் முந்தின இரவு தங்கிவிட்டு விடியற்காலையில் கிளம்பினால் சுமார் நூறு கிலோமீட்டர்தான். மாலை மங்கி அக்கரை ஏறினால், மௌரித்தானியத் தலைநகர் நுவாக்சோட்டுக்கு இன்னும் இருநூறு கிலோமீட்டர் இருட்டில் போக வேண்டும்.

"ரோசோவே வேண்டாம், டியாமா அணைவழியாகப் போ" என்று, இதே ஆற்றில் கீழே இருக்கும் அணையைக் காட்டிப் பலர் அறிவுரை சொல்வார்கள். சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு நல்ல யோசனைதான், அணை மேலேயே கடந்துவிடலாம். நடந்து வருகிறவருக்கு அது பொருந்தாது. அக்கரையில் டியாவ்லிங் தேசியப் பூங்காவை ஒட்டிய மண்பாதையில் ஷேர் காரை நம்பி நிற்க முடியாது. மழைக்காலத்தில் அந்தப் பாதையும் சேறாகிவிடும். ரோசோவிலேயே பாலம் கட்டும் பணிக்கு 2021 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். கிளம்புமுன் அதன் நிலவரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

படகில் ஏறும்போது ஆட்களை எண்ணுங்கள். விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லையென்றால் இறங்கிவிடுங்கள். லைஃப் ஜாக்கெட் இருந்தால் கேட்டு வாங்கிப் போடுங்கள். 2002 செப்டம்பர் 26 அன்று செனகலின் லெ ஜூலா கப்பல் கவிழ்ந்து 1,800-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் ஏறக்கூடியவர்களைவிடப் பல மடங்கு ஆட்கள் ஏறியிருந்தார்கள். அந்தத் துக்கம் இந்த நாட்டில் இன்னும் ஆறவில்லை. பத்து நிமிட ஆறுதானே என்று நினைக்க வேண்டாம்.

படகிலிருந்தோ துறையிலிருந்தோ போட்டோ எடுக்காதீர்கள், அது போலீஸ் இருக்கும் எல்லை. பையின் அடியில் செனகல் பீர் பாட்டில் எதுவும் மறந்து கிடக்கிறதா என்று பாருங்கள், மௌரித்தானியாவில் மதுவுக்குத் தடை.

அக்கரையில் முத்திரை வாங்கியபின் வாசலுக்கு வெளியே வந்து நுவாக்சோட் கார் பிடியுங்கள். வழியில் ஜாந்தார்ம்கள் எனப்படும் சாலைக் காவல்படையினர் பல இடங்களில் நிறுத்துவார்கள். ஒவ்வொரு இடத்திலும் "ஃபிஷ்" கேட்பார்கள். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், விசா எண், தொழில், தங்குமிடம் ஆகியவற்றைப் பிரெஞ்சில் ஒரு தாளில் அடித்த நகல்தான் அது. இது இல்லாவிட்டால் ஒவ்வொரு சாவடியிலும் இறங்கி, அவர்கள் நோட்டில் எழுதி முடிக்கும்வரை காரிலிருக்கும் எல்லோரும் காத்திருக்க வேண்டும். டாக்கரிலேயே இருபது நகல் எடுத்துவிடுங்கள், சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் உட்காருங்கள்.