நாவல் பாதியில் நிற்கிறதா? நான் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறவன் நான். அந்தப் பயணத்தில்தான் என் நாவலைத் தொடங்கினேன். அது நின்று போனதும் அங்கேதான். தானே புயலில் முந்திரித் தோப்பை இழந்த பண்ருட்டிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் கதை. 2011 டிசம்பர் 30 விடிகாலையில் அந்தப் புயல் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. அன்றைக்கு இங்கே இருந்த யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். கதைக்கும் பஞ்சமில்லை, ஆசைக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் இரண்டு வருடத்தில் தேறியது நாற்பது பக்கம். "மூடு வரல" என்று நானும் எல்லோரையும் போலச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், மூடை விரட்டுகிற வேலையை நானே ஒவ்வொன்றாகச் செய்து வைத்திருக்கிறேன்.

டீக்கடையில் கதை சொல்வது

கடலூர் திருப்பாப்புலியூரில் ஒரு டீக்கடையில் நண்பரிடம் முக்கியமான காட்சியைச் சொன்னேன். புயல் ஓய்ந்த மறுநாள் காலை அந்தக் குடும்பத்துச் செல்லம்மா தோப்புக்குப் போகிறாள். மரமெல்லாம் வேரோடு கிடக்கிறது. வேலி எங்கே போனதென்றே தெரியவில்லை. தோப்பு வாசல் கேட்டு மட்டும் இரண்டு கல்தூணுக்கு நடுவே பூட்டியபடி நிற்கிறது. அவள் இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து, பூட்டைத் திறந்து, அந்தக் கேட்டு வழியாகத்தான் உள்ளே போகிறாள்.

நண்பர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "யோவ், சிலிர்க்குதுய்யா" என்றார். வந்தது வினை. எழுதி முடித்தால் கிடைக்க வேண்டிய சந்தோஷம் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கிடைத்துவிட்டது. அன்று இரவு நோட்டைத் திறந்தபோது யாரோ எழுதியதைக் காப்பி அடிக்க உட்கார்ந்த மாதிரி இருந்தது. அந்தக் காட்சியை எழுத அப்புறம் ஏழு மாதம் ஆயிற்று. (இங்கே மட்டும் சொல்லலாமா என்று கேட்காதீர்கள், எழுதி முடித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.)

முந்திரி எந்த மாதம் பூக்கும், பழத்திலிருந்து கொட்டையை எப்படித் திருகி எடுப்பார்கள் என்றெல்லாம் ஊர் முழுக்கக் கேளுங்கள், தப்பில்லை. கதை என்னவென்று யாராவது கேட்டால், "ஒரு தோப்பைப் பத்தி" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எழுத எழுத ஃபேஸ்புக்கில் போடுவதும் இதே ரகம்தான். மூன்றாம் அத்தியாயத்துக்கு லைக் குறைந்தால் நான்காம் அத்தியாயம் வராது.

முதல் அத்தியாயத்தைப் பதினான்கு முறை எழுதுவது

"வானம் சாம்பல் நிறத்தில் உறைந்து கிடந்தது." இது என் முதல் வாக்கியம். மறுநாள் "சாம்பல் வானம் உறைந்து கிடந்தது" என்று மாற்றினேன். அதற்கடுத்த நாள் "உறைந்து" உறுத்தியது, எடுத்தேன். வாரக் கடைசியில் மறுபடி சேர்த்தேன்.

இப்படி ஆனதற்குக் காரணம், தினமும் முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டு எழுதுவது என்கிற பழக்கம். படிக்கும்போது கை சும்மா இருக்காது. விட்ட இடத்துக்கு வந்து சேர்வதற்குள் பஸ் புதுச்சேரியை நெருங்கி முதலியார்பேட்டையைத் தாண்டியிருக்கும். மொத்தம் பதினான்கு முறை எழுதியிருக்கிறேன். கடைசியில் என்ன ஆயிற்று? ஆறாம் அத்தியாயம் எழுதும்போதுதான், செல்லம்மாவின் புருஷன் புயலுக்கு முன்னாலேயே இறந்திருக்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. முதல் அத்தியாயத்தில் அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறார்! பதினான்கும் குப்பைக்குப் போயின.

இப்போது முந்தைய நாள் எழுதிய கடைசிப் பக்கத்தை மட்டும் படிக்கிறேன். முன்னால் எதையாவது மாற்ற வேண்டுமென்று தோன்றினால், நோட்டின் பின்பக்கத்தில் "அ. 1: புருஷன் செத்தாச்சு" என்று ஒரு வரி. அதோடு சரி.

இங்கிலீஷ் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்வது

நவம்பர் மாதத்தில் 50,000 சொல் எழுதி முடிக்கும் சவால் ஒன்று ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களிடம் ரொம்ப நாள் பிரபலமாக இருந்தது. நாளுக்கு 1,667 சொல் வருகிறது. நானும் ஒரு வருடம் இறங்கிப் பார்த்தேன். கடலூர்க்காரன் நவம்பரில் இறங்கினால் மழையில்தான் இறங்க வேண்டும். கரண்ட் போகும், தெருவில் தண்ணீர் நிற்கும், 2015 நவம்பர் வெள்ளத்தை நினைத்துக்கொண்டு வீட்டில் எல்லோரும் டிவியில் வானிலை அறிக்கைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். நான்காம் நாள் விட்டது. ஐந்தாம் நாள் 3,334 எழுத வேண்டும் என்றதும் நோட்டைத் தொடவே பயமாகிவிட்டது.

ஊர், மழை எல்லாம் இருக்கட்டும். அந்தக் கணக்கே தமிழுக்குப் பொருந்தாது. "போய்க்கொண்டிருந்தவளிடமிருந்து" என்பது நமக்கு ஒரே சொல். இதை ஆங்கிலத்தில் சொல்ல ஐந்தாறு சொல் வேண்டும். அவர்களுடைய ஆயிரத்தை நம்முடைய ஆயிரமாக எடுத்துக்கொண்டு, எட்டவில்லையே என்று குமைவதில் அர்த்தமில்லை. நாளுக்கு 200 சொல், வாரத்தில் ஐந்து நாள் என்று வைத்தால் வருடத்துக்கு 52,000. தீபாவளி, பொங்கல், மழை, காய்ச்சல் எல்லாம் கழித்தாலும் 45,000 நிற்கும். நல்ல அளவான ஒரு தமிழ் நாவல் அதில் வந்துவிடும். இருநூறு சொல் என்பது பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தால் எழுதிவிடக்கூடியது. கிடைக்காத நாளில் நின்றுகொண்டே போனில் தட்டலாம். எழுத்துப்பிழை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தகவல் தேடப் போய்த் திரும்பாமல் இருப்பது

புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து ரொம்ப அதிகம். தெருவுக்குத் தெரு சரித்திரம். 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்டு நூலகம் வேறு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. முந்திரி போர்ச்சுக்கீசியர் கொண்டு வந்த மரம் என்பதில் ஆரம்பித்தேன். அதிலிருந்து கப்பல், கப்பலிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள், அங்கிருந்து, அவர்களிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. என் கதை நடப்பதோ 2011-இல்!

ஆனால் அந்த நாட்குறிப்பைப் படித்ததில் ஒரு லாபம். 1736-இல் தொடங்கி 1761-இல் சாகும்வரை பிள்ளை எழுதியிருக்கிறார். கப்பல் வந்தது, துரை என்ன சொன்னார், ஊரில் என்ன வதந்தி என்று நடந்ததை நடந்தபடி எழுதி வைத்திருக்கிறார். மூடு வரட்டும் என்று காத்திருக்கிற ஆள் எழுதிய எழுத்தாக அது தெரியவில்லை. இரண்டு நூற்றாண்டு கழித்து அதே ஊர்க்காரரான பிரபஞ்சன் அந்தக் குறிப்புகளிலிருந்து 'மானுடம் வெல்லும்' நாவலை எழுதினார். அவர் கதைக்கு அந்தத் தேடல் வேண்டியிருந்தது. என் கதைக்கு வேண்டியிருந்ததோ ஒரு மூட்டை கொட்டையின் விலை மட்டும். இப்போதெல்லாம் தெரியாத இடத்தில் "விலை?" என்று எழுதி ஒரு வட்டம் போட்டுவிட்டுக் கதையைத் தொடர்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வட்டங்களை மட்டும் தீர்க்கும் நாள்.

எல்லா அடைப்புக்கும் 'மனத்தடை' என்று பேர் வைப்பது

இதுதான் என்னை அதிகம் ஏமாற்றியது. ஏழாம் அத்தியாயத்தில் மூன்று வாரம் ஒரு வரி நகரவில்லை. உடம்பு அலுப்பு என்று நினைத்தேன், ஆபீஸ் டென்ஷன் என்று நினைத்தேன், இரண்டு நாள் லீவு போட்டுக் கடற்கரையில் போய் உட்கார்ந்தும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அந்தக் காட்சியில், விழுந்த மரங்களைக் கணக்கெடுக்கக் கிராம நிர்வாக அலுவலர் வருகிறார். அவர் எண்ணுகிறார், செல்லம்மா பக்கத்தில் நிற்கிறாள். அவ்வளவுதான் எழுதியிருந்தேன். கோளாறு அங்கேதான். இரண்டு பேரில் ஒருத்தருக்கும் அந்தக் காட்சியில் எதுவும் வேண்டியிருக்கவில்லை. வேண்டுதல் இல்லாத காட்சியில் எழுதுகிறவனுக்குக் கொட்டாவிதான் வரும்.

செல்லம்மாவுக்கு என்ன வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பார்த்தேன். நிவாரணம் வேண்டும், சரி. அலுவலருக்கு? வேலையை முடித்துக்கொண்டு அடுத்த தோப்புக்குப் போக வேண்டும். அப்புறம் ஒரு மரம் பாதி சாய்ந்து நின்றது. அலுவலர் இரக்கப்பட்டு, "இதையும் விழுந்ததுலயே சேத்துடறேம்மா" என்கிறார். அவள், "வேணாங்க ஐயா, அது நிக்குது" என்கிறாள். புருஷன் நட்ட மரம். பணமா மரமா என்று அவளுக்குள்ளேயே ஒரு இழுபறி. ரெட்டிச்சாவடியில் அந்தச் சீட்டை எடுத்தேன், அரியாங்குப்பம் பாலம் வருவதற்குள் இரண்டு பக்கம்.

ஆகவே பேனா நின்றால் உடனே ஓய்வெடுக்கப் போகாதீர்கள். இந்தக் காட்சியில் யாருக்கு என்ன வேண்டும், அதைத் தடுப்பது யார் என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் இருந்தும் எழுத வரவில்லையா? அப்போது தூங்கப் போகலாம்.

பெரியவர்களோடு ஒப்பிட்டு நொந்துகொள்வது பற்றி ஒரே வார்த்தை. புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாப்புலியூரில், ஜெயகாந்தன் பிறந்தது மஞ்சக்குப்பத்தில். இதை நினைத்தால் கடலூரில் எவனும் பேனா எடுக்க முடியாது. எழுதுகிற மாதங்களில் அவர்களை அலமாரியில் வைத்துவிடுங்கள். "பாரதியே 'சந்திரிகையின் கதை'யை முடிக்கவில்லையே" என்று எனக்குச் சமாதானம் சொன்னவர்களும் உண்டு. அவர் முடிக்காமலே இறந்துபோனார். எனக்கு அந்தச் சாக்கு இல்லை.

தேதி சொல்லாமல் நிறுத்துவது

இடைவெளி விடுவது தப்பில்லை. வீட்டில் கல்யாணம் வரும், பிள்ளைக்குப் பரீட்சை வரும். தேதி குறிக்காமல் விடுவதுதான் தப்பு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். விசைப்படகுக்கு வர்ணம் அடிக்கிறார்கள், எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறார்கள், நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பின்னுகிறார்கள். "எப்பண்ணே கடலுக்கு?" என்று ஒருவரைக் கேட்டேன். வலையிலிருந்து தலையைத் தூக்காமல், "பதினாலு ராத்திரி" என்றார்.

அதிலிருந்து நோட்டை மூடுமுன் இரண்டு விஷயம் எழுதிவிட்டுத்தான் மூடுகிறேன். திரும்பும் தேதி ஒன்று, திரும்பியதும் எழுத வேண்டிய காட்சி ஒன்று. காட்சியை முடிக்காமல் நடுவில் நிறுத்தினால் இன்னும் நல்லது, கை வைத்ததும் ஓடும். இப்போது அக்கா பெண் கல்யாணத்துக்காக நிறுத்தியிருக்கிறேன். நோட்டில் கடைசியாக இருப்பது இது:

"ஆகஸ்ட் 3. சாய்ந்த மரத்துக்கு முட்டுக் கொடுக்கச் செல்லம்மா ஆள் தேடுகிறாள். ஒருத்தனும் வரவில்லை. கடப்பாரையை அவளே"