மாரியில் வன்னிக் கரையோரம் உறவு பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் உறவுகள் வன்னிக்கு வருவது பெரும்பாலும் டிசம்பரில். லீவு அப்போதுதான் கிடைக்கிறது, மழையும் அப்போதுதான் கொட்டுகிறது. ஒக்டோபரில் தொடங்கும் மாரி டிசம்பர் முடியும்வரை விடாது. அதற்காக வராமல் இருக்கத் தேவையில்லை. குளம் நிரம்பி, வயல் பச்சை பிடித்து, வன்னி தன் முழு அழகோடு இருப்பதும் இந்த நாட்களில்தான். ஆனால் பரந்தனில் பெரியம்மா, புதுக்குடியிருப்பில் சிநேகிதர், அளம்பிலில் மாமா, கொக்கிளாயில் சித்தி என்று ஒரே நாளில் எல்லாரையும் பார்த்துவிடலாம் என்று புறப்படுகிறார்களே, பெரும்பாலான சிக்கல்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றர். போன் வரைபடம் ஒரு மணித்தியாலம் என்று காட்டும். வெயில் காலத்தில் அது சரி. மாரியில் அந்தக் கணக்கை நம்பக்கூடாது. மழை பெய்யும் இடமும் வெள்ளம் வரும் இடமும் வேறுவேறு என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். மேலே காட்டுப்பக்கம் பெய்த மழை கனகராயன் ஆற்றால் இறங்கி இரணைமடுவை நிரப்பும். குளத்தின் வான்கதவுகளைத் திறந்தால் அந்தத் தண்ணீர் முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் பாயும். அப்போது உங்கள் தலைக்கு மேல் வானம் வெளித்திருக்கும், வீதியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் ஒரே இரவில் வெள்ளத்தில் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதனால் வானத்தைப் பார்த்துப் பாதை முடிவெடுக்காதீர்கள். குளங்களின் நிலையைக் கேட்டு முடிவெடுங்கள். கதவு திறக்கப்போகிறார்கள் என்றால் முன்கூட்டியே அறிவிப்பார்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்திலும் கேட்கலாம்.

புதுக்குடியிருப்பிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வழியில் உள்ள வட்டுவாகல் பாலத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். ஒடுங்கிய பழைய பாலம் அது, தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கும். நந்திக்கடல் களப்பு நிரம்பி, முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தால், தண்ணீர் பாலத்துக்கு மேலால் போகும். புதிய பாலத்துக்கான வேலை 2025 செப்டெம்பரில் தொடங்கியது. அது முடியும்வரை, தண்ணீர் ஏறியிருக்கிறது என்று கேள்விப்பட்டால் புதுக்குடியிருப்பிலிருந்து ஒட்டுசுட்டான் போய், முள்ளியவளை வழியாக முல்லைத்தீவுக்கு இறங்குங்கள். தெற்கிலிருந்து வருபவர்கள் மாங்குளத்திலேயே விசாரித்து, ஒட்டுசுட்டான் வீதியால் திரும்பினால் பாலத்தின் தொல்லையே இல்லை. முன்னால் போன உழவு இயந்திரம் கடந்துவிட்டது என்பதற்காக உங்கள் வாகனத்தை விடாதீர்கள். ஓடுகிற தண்ணீர் ஒரு அடி இருந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும். இரண்டு அடி என்றால் வான் வாகனத்தையும் இழுத்துப்போகும்.

வரைபடத்தில் கொக்கிளாயும் புல்மோட்டையும் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். களப்பின் வாயில் வாகனம் போகப் பாலம் இல்லை. சித்தியைப் பார்த்துவிட்டு அப்படியே திருகோணமலைக்கு என்று திட்டம் போடாதீர்கள்.

இரவு ஓட்டத்தையும் தவிருங்கள். காலபோக நெல்லை, அதாவது மாரிகாலப் பயிரை, விதைத்துவிட்டால் மாடுகளுக்கு வயலில் இடமில்லை, தரையெல்லாம் ஈரம். மேடான, காய்ந்த இடம் தார் வீதிதான். கறுத்த மாடு கறுத்த வீதியில் மழைக்குள் படுத்திருந்தால் கிட்டப் போகும்வரை தெரியாது. ஒட்டுசுட்டான் பக்கம் யானையும் உண்டு. பின்னேரம் 5 மணிக்குள் அன்றைய கடைசி வீட்டைப் போய்ச் சேருங்கள்.

பாதையை விட வீடுகளைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை முல்லைத்தீவுக் கடல் கொந்தளிப்பாக இருக்கும், மீன்பிடிக் குடும்பங்கள் நாள்தோறும் தொழிலுக்குப் போக முடியாது. போகாத நாளில் வருமானம் இல்லை. அந்த வீட்டில் போய் "கடற்கரைக்கு வந்தால் மீன்குழம்பு சாப்பிடாமல் போவதா" என்று சிரித்துக்கொண்டு கேட்கிறோம். மாமி மறுக்க மாட்டா. பிள்ளையை அனுப்பிக் கடனுக்காவது மீன் வாங்குவிப்பா. விறகு நனைந்திருக்கும், அடுப்படி ஒழுகும், ஆனாலும் பத்துப் பேருக்குச் சமைப்பா. இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். முதல் நாளே அழைத்து, எத்தனை பேர் வருகிறோம், எத்தனை மணிக்கு, "தேத்தண்ணி மட்டும் போதும், மாமி" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று அவர்கள் நின்றால், இருப்பதைச் சாப்பிடுங்கள். களப்பு இறால் கிடைக்கிற காலம் இது, அவர்களாகத் தந்தால் அதைவிடச் சுவை வேறில்லை. கருவாடு கேட்காதீர்கள், இந்த ஈரத்தில் ஒழுங்காகக் காயாது.

வெறுங்கையோடு போவதும் தவறு, கேக் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு போவதும் பெரிய பயன் தராது. பாண், பால்மா, சீனி, தேயிலை, மெழுகுதிரி, நல்லதொரு டோச் லைட். மழை நாட்களில் கடைக்குப் போக முடியாத வீட்டுக்கு இவைதான் உதவும். குழந்தைகளுக்கு முறிகண்டிக் கச்சான் ஒரு பை போதும்.

ஒரே ஒழுங்கையில் இருக்கும் இரண்டு சகோதரிகளில் ஒருவரிடம் மட்டும் போய்விட்டு வராதீர்கள். அந்த மனவருத்தம் வருடக்கணக்கில் நிற்கும். நேரம் இல்லையென்றால் மற்ற வீட்டு வாசலில் இறங்கிப் பத்து நிமிடமாவது இருங்கள். செத்தவீடு நடந்த வீடு இருந்தால் அதைக் கடைசியாக வையுங்கள், அங்கிருந்து நேரே இன்னொரு வீட்டுக்குள் நுழைவதை எங்கள் ஆட்கள் விரும்ப மாட்டார்கள்.

நாளையும் பார்த்துப் போங்கள். நவம்பர் 27, மாவீரர் நாள் மாலை, பல குடும்பங்கள் மாவீரர் துயிலுமில்லத்தில் நிற்கும். டிசம்பர் 26 அன்று, 2004 ஆழிப்பேரலையில் பறிகொடுத்தவர்களுக்காகக் கரையோரத்தில் விளக்கேற்றுவார்கள். அந்த நாட்களில் போவதென்றால் அவர்களோடு சேர்ந்து நிற்கப் போங்கள், கடற்கரையில் படம் எடுத்துக் கொண்டாட வேண்டாம்.

பிள்ளைகளை இந்தக் காலத்தில் கடலில் இறக்கவே கூடாது, முகத்துவாரத்துப் பக்கம் இன்னும் ஆபத்து. வழியில் ஆத்திரம் அந்தரத்துக்கு இறங்கினாலும் பற்றைக்குள் போகாதீர்கள். கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் உண்டு, வெள்ளம் அவற்றை இடம் மாற்றியும் விடும். மண்டையோட்டுப் பலகை இல்லை என்பதை உத்தரவாதமாக எடுக்க வேண்டாம். காலில் காயத்தோடு வெள்ளத்துக்குள் நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம், அதனால் செருப்பு போதாது, பூட்ஸ் கொண்டுபோங்கள். கிணறு வெள்ளத்தில் மூழ்கிய வீட்டில் கொதித்தாறிய தண்ணீரையே கேட்டுக் குடியுங்கள், யாரும் குறைநினைக்க மாட்டார்கள். திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், தசை நோவு என்று வந்தால் வெள்ளத்துக்குள் நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.