ஜெய்சல்மேரைக் குறைந்த செலவில் சுற்றுவது எப்படி: மூன்று நாள், நான்கு சாலைகள்

ராஜஸ்தானின் பாலைவன நகரமான ஜெய்சல்மேருக்குள் நல்ல இடங்கள் பலவற்றுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. கட்டணம் இருக்கும் இடங்களிலும் பெரும்பாலும் ஆளுக்கு நூறு ரூபாயை ஒட்டித்தான் வரும். அப்படியும் முதல்முறை போகிறவர்களுக்குக் கையைக் கடிப்பது வண்டி வாடகை. ஊருக்கு வெளியே உள்ள இடங்கள் நாலா பக்கமும் சிதறிக் கிடக்கின்றன. இன்று குல்தரா, நாளை சாம் என்று பெயரைப் பார்த்துக் கிளம்பினால் ஒரே சாலைக்கு இரண்டு முறை வாடகை கொடுப்பீர்கள். ஆகவே இடங்களைச் சாலைவாரியாகப் பிரிப்பதுதான் முதல் வேலை.

படி 1: நான்கு சாலைகளைத் தாளில் எழுதுங்கள்

வடக்கே ராம்கர் சாலை. 6 கிலோமீட்டரில் படா பாக், 60 கிலோமீட்டரில் ராம்கர், 120 கிலோமீட்டரில் பாகிஸ்தான் எல்லையோரத் தனோட், அங்கிருந்து லோங்கேவாலா.

மேற்கே சாம் சாலை. அமர் சாகர், அந்தப் பக்கமே பிரிந்து போனால் 16 கிலோமீட்டரில் லோதுர்வா. இன்னொரு பிரிவில் 18 கிலோமீட்டரில் குல்தரா, அதைத் தாண்டி காபா கோட்டை. நேராகப் போனால் 42 கிலோமீட்டரில் சாம் மணல்மேடுகள்.

கிழக்கே ஜோத்பூர் சாலையில் ராணுவத்தின் போர் அருங்காட்சியகம். தென்கிழக்கே பார்மேர் சாலையில் 17 கிலோமீட்டரில் அகல் கல்மரப் பூங்கா.

தென்மேற்கே தனி வழியில் இருக்கும் கூரி கிராமம் இந்த நான்கிலும் சேராது. அங்கும் மணல்மேடுகள் உண்டு, கூட்டம் குறைவு. சாம், கூரி இரண்டில் ஒன்று போதும்.

படி 2: மாதத்தையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள்

அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை போகலாம். மே, ஜூனில் 45 டிகிரியைத் தொடும். அறை வாடகை பாதியாகும், ஆனால் காலை பத்து மணிக்கே அறைக்குள் முடங்க வேண்டியிருக்கும். அது சிக்கனமே இல்லை. டிசம்பர் கடைசி வாரத்தில் எல்லாமே இரண்டு மடங்கு விலை. வட இந்திய நாட்காட்டியின் மாக மாதப் பௌர்ணமியை ஒட்டி (ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி) நடக்கும் பாலைவனத் திருவிழா நாட்களிலும் அறை கிடைப்பது கஷ்டம்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் கோட்டை விடுவது கடிகாரத்தில். ஜெய்சல்மேர் நாட்டின் மேற்கு ஓரத்தில் இருப்பதால் சூரியன் அங்கே தாமதமாக உதிக்கும். ஜனவரியில் ஏழரை மணிக்குத்தான் சூரியன் தலைகாட்டும். ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்தால் இருட்டில் குளிரில் நிற்பீர்கள். இரவுக் குளிர் 5 முதல் 8 டிகிரிவரை இறங்கும். ஒரு நல்ல ஸ்வெட்டர், காதை மூடும் தொப்பி, காற்றுத் தடுக்கும் மேலங்கி ஆகிய மூன்றும் பையில் இருக்கட்டும்.

படி 3: அறை எடுக்கும்போது கேட்க வேண்டிய ஒரு கேள்வி

ஜோத்பூர்வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ரயிலிலோ பேருந்திலோ ஐந்தாறு மணி நேரத்தில் ஜெய்சல்மேரை அடையலாம். ரயில் நிலையத்திலிருந்து கோட்டை சுமார் 2 கிலோமீட்டர்தான். பை சிறியதென்றால் நடந்தே போய்விடலாம்.

ரயில், பேருந்து நிலையங்களில் உங்களைச் சூழ்ந்துகொள்ளும் தரகர்களை உள்ளூரில் 'லப்கா' என்பார்கள். 200 ரூபாய்க்கு அறை என்று கூப்பிடுவார்கள். அந்த விலைக்கு அறை தருபவர் லாபத்தை ஒட்டகச் சவாரியில் எடுப்பார். அவரிடம் சவாரி வாங்க மறுத்தால் மறுநாளே அறை இல்லை என்ற பேச்சு வரும். அதனால் முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள்: "சஃபாரி வேண்டாம், அறை மட்டும். இதே விலையா?" பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இருவர் தங்கும் சுத்தமான அறைக்கு 800 முதல் 1,200 ரூபாய் நியாயமான விலை. டார்மிட்டரிப் படுக்கை 300 முதல் 500.

கோட்டைக்குள் தங்காதீர்கள். காட்சி அழகாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீரே அரிதான காலத்தில் கட்டிய கோட்டை அது. குழாய்த் தண்ணீரும் குளியலறைகளும் பெருகியபின் கழிவுநீர் அடித்தளத்து மண்ணில் இறங்கி, சுவர்களும் கொத்தளங்களும் சரிந்திருக்கின்றன. கோட்டைக்கு வெளியே மொட்டைமாடி உள்ள அறை எடுத்தால் கோட்டை முழுவதும் கண்ணுக்குத் தெரியும், வாடகையும் குறைவு. உள்ளே இருப்பவருக்கு அந்தக் காட்சியே கிடையாது.

படி 4: முதல் நாள், காலால் மட்டும்

சூரிய உதயத்துக்கு கடீசர் ஏரி. 14ஆம் நூற்றாண்டில் மன்னர் கட்ஸி சிங் பெயரால் அமைந்த நீர்த்தேக்கம்; நகரின் குடிநீர் நெடுங்காலம் இதை நம்பியே இருந்தது. கரைக்குக் கட்டணம் இல்லை. படகு வேண்டுமென்றால் மட்டும் பணம். அதைத் தவிர்த்தாலும் நட்டமில்லை.

அங்கிருந்து கோட்டை. 1156இல் ராவல் ஜைசல் கட்டத் தொடங்கியது. 99 கொத்தளங்கள், 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இன்றும் ஆயிரக்கணக்கானோர் வாழும் ஊர் என்பதால் வாசல்களைத் தாண்டி உள்ளே போகக் காசு இல்லை. அரண்மனை அருங்காட்சியகத்துக்கு மட்டும் டிக்கெட். அகய் போல் வாசலில் ஒருவர் "உள்ளே போக கைடு கட்டாயம்" என்றால் சிரித்துவிட்டு நடங்கள்.

உள்ளே உள்ள சமணக் கோயில்களை முதலில் முடித்துவிடுங்கள். வெளியாட்களுக்குப் பெரும்பாலும் நண்பகல்வரைதான் அனுமதி. பலர் அரண்மனையில் நேரம் போக்கிவிட்டு வந்து பூட்டிய கதவைப் பார்க்கிறார்கள். தோல் பெல்ட், தோல் பர்ஸ் கூடாது. அன்று துணிப் பையோடு போவது நல்லது.

மதியத்துக்குமேல் ஹவேலிகள், அதாவது பழைய மாளிகை வீடுகள். பட்வோன் கி ஹவேலி என்பது ஐந்து வீடுகளின் வரிசை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குமான் சந்த் பட்வா என்ற வணிகர் தொடங்கியது. கல் வேலைப்பாட்டில் சிறந்தது வெளிமுகப்பில்தான் இருக்கிறது. அதைத் தெருவில் நின்று இலவசமாகப் பார்க்கலாம். உள்ளே போக ஆசையிருந்தால் ஐந்தில் ஒன்றுக்கு மட்டும் டிக்கெட் எடுங்கள். அரசு வசமுள்ளதில் கட்டணம் குறைவு, தனியார் அருங்காட்சியகத்தில் பொருட்கள் அதிகம். நத்மல் ஹவேலியின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் இரு சகோதரர்கள் தனித்தனியாகச் செதுக்கினார்கள். எதிரே நின்று இரண்டையும் ஒப்பிட்டு வேறுபாடுகளைத் தேடுவதற்குக் காசு வேண்டாம். சலீம் சிங் ஹவேலியையும் ஒரு பார்வை பார்த்து வையுங்கள். அவர் பெயர் நாளை குல்தராவில் மறுபடி வரும்.

மாலையில் வியாஸ் சத்ரி என்ற நினைவு மண்டபங்கள். மேற்கு வெயில் கோட்டைச் சுவரில் விழுந்து மஞ்சள் கல் நிறம் மாறுவது இங்கிருந்துதான் தெரியும். சிறு கட்டணம். சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பே போங்கள்.

சாப்பாடு: காலையில் தால் பக்வான், கச்சோரி, இருவர் நூறு ரூபாய்க்குள் முடிக்கலாம். மதியம் கேர் சங்ரி கேளுங்கள். சங்ரி என்பது நம்மூர் வன்னி மரத்தின் காய்தான். காயவைத்து எண்ணெயில் வதக்குவார்கள். கோட்டையடியில் அரசு அனுமதியுடன் பாங்கு (கஞ்சா இலையில் செய்யும் போதைப்பொருள்) விற்கும் கடை இருக்கிறது. லஸ்ஸி கேட்கும்போது எது வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

படி 5: இரண்டாம் நாள் காலை, ஸ்கூட்டர்

நாள் வாடகை 400 முதல் 600 ரூபாய்வரை. எடுக்கும்முன் இவற்றைச் செய்யுங்கள்:

- வண்டியைச் சுற்றி ஒரு நிமிட வீடியோ. பழைய கீறல்களைக் கடைக்காரரிடம் காட்டிக்கொண்டே எடுங்கள். திருப்பித் தரும்போது முன்பணத்தில் கைவைக்க அவர்கள் காட்டுவது இந்தக் கீறல்களைத்தான்.
- கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் அது வாடகைக்குப் பதிவான வண்டி. வெள்ளைப் பலகை என்றால் விபத்தில் காப்பீடு சிக்கலாகும்.
- அடையாள அட்டையின் நகல் கொடுக்கலாம், அசலைக் கொடுக்காதீர்கள்.
- டயரையும் பின் பிரேக்கையும் பாருங்கள். ஊரைத் தாண்டினால் பஞ்சர் கடை தேடிக் கிடைக்காது.

எட்டு மணிக்கு படா பாக். ஜெய்சல்மேரை ஆண்ட பட்டி என்ற ராஜபுத்திர அரச குடும்பத்தின் நினைவு மண்டபங்கள், பின்னால் காற்றாலைகள். பிறகு அமர் சாகர், அதே பக்கம் லோதுர்வா. ஜெய்சல்மேருக்கு முன் பட்டிகளின் தலைநகரம் லோதுர்வாதான். இப்போது எஞ்சியிருப்பது பார்சுவநாதர் கோயில். நண்பகலுக்குள் ஊர் திரும்பலாம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் தாகம் தெரியாது, மதியம் தலைவலியாக வரும்.

படி 6: அன்று மதியம், குல்தராவும் சாமும் ஒரே வண்டியில்

இதற்கு ஸ்கூட்டர் வேண்டாம். போகும்போது ஒன்றும் தெரியாது. இருட்டில் திரும்பும்போது சாலையில் மாடு, ஒட்டகம், காற்று தள்ளிய மணல், எதிரே கண்ணைக் கூசவைக்கும் விளக்குகள். பேருந்தில் போய்விடலாம், ஆனால் சூரியன் மறைந்தபின் திரும்பப் பேருந்தை நம்ப முடியாது. விடுதியில் வேறு இருவரைச் சேர்த்து காரைப் பேசுங்கள். இரண்டு மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்குத் திரும்ப, குல்தரா, காபா, சாம் மூன்றும் சேர்த்து 1,500 ரூபாயை ஒட்டிப் பேசி முடிக்கலாம். காத்திருப்பும் பார்க்கிங்கும் அதில் அடக்கமா என்று கேளுங்கள்.

குல்தராவைப் பேய் ஊர் என்று விற்கிறார்கள். திவான் சலீம் சிங்கின் கொடுமை தாங்காமல் பாலிவால் பிராமணர்கள் ஒரே இரவில் வெளியேறினார்கள் என்பது ஊர்க்கதை. நீர் குறைந்ததும் காரணமாகச் சொல்லப்படுகிறது. அவர்களின் உண்மையான திறமை வேறு. ஆண்டுக்கு 200 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்யும் நிலத்தில் கோதுமை விளைவித்தார்கள். பாறைச் சரிவில் ஓடிவரும் மழைநீரைத் தாழ்வான மண்கரையால் தடுத்து, நிலம் ஊறியபின் அந்த ஈரத்திலேயே குளிர்காலப் பயிர் விதைக்கும் முறை. கடீன் என்று பெயர். இதைத் தெரிந்துகொண்டு போனால் அந்த இடிந்த வீடுகள் வேறு மாதிரி தெரியும். தெரியாவிட்டால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும்.

சாமுக்கு நான்கரை மணிக்குள் சேருங்கள். வழியில் பைக்கில் துரத்தி வந்து "முன்னால் சாலை மூடியிருக்கிறது", "இங்கேதான் டிக்கெட்" என்பவர்கள் உண்டு. மணல்மேட்டில் நடக்க டிக்கெட் தேவையில்லை. டிரைவரை நிறுத்தாமல் போகச் சொல்லுங்கள். ஒட்டகத்தில் ஏறும்முன் விலையோடு நிமிடத்தையும் பேசுங்கள். "சன்செட் பாயின்ட்வரை" என்று மட்டும் பேசினால் ஐந்து நிமிடத்தில் இறக்கிவிட்டு, திரும்ப வேறு கட்டணம் கேட்பார்கள். அரை மணி நேரம், போக வர, இருவருக்கு இவ்வளவு என்று முடித்து, பணத்தை இறங்கியபின் கொடுங்கள். மணலில் பாய்ச்சும் ஜீப் சவாரி வேண்டாம்; கவிழ்கிறது. மைக்கும் டிஜேயும் அலறும் முகாம்களுக்கு ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல் கொடுப்பதைவிட, மேட்டின் அடுத்த வரிசைக்கு 15 நிமிடம் நடந்தால் அமைதியாக உட்காரலாம். போனின் சார்ஜர் துளையில் மணல் போகாமல் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.

படி 7: மூன்றாம் நாளைப் பணம் தீர்மானிக்கட்டும்

இதுவரை இருவருக்கான கணக்கு: அறை மூன்று இரவு 3,000, சாப்பாடு 2,400, ஸ்கூட்டரும் பெட்ரோலும் 700, சாம் கார் தனியாக எடுத்தாலும் 1,500, ஒட்டகம் 600, டிக்கெட்டுகள் 800. மொத்தம் 9,000 ரூபாய். தனோட், லோங்கேவாலா சேர்த்தால் டாக்ஸிக்கு இன்னும் 3,500 வரும். நால்வர் பகிர்ந்தால் தாராளமாகப் போகலாம். இருவர் மட்டும் என்றால் யோசியுங்கள்.

போவதானால் ஏழரை மணிக்குக் கிளம்புங்கள். ராம்கரில் பெட்ரோல், ஏடிஎம், டீ மூன்றையும் முடித்துவிடுங்கள். அதற்கப்பால் நம்ப எதுவும் இல்லை, போன் சிக்னலும் விட்டுவிட்டுத்தான் வரும். தனோட் மாதா கோயிலை எல்லைப் பாதுகாப்புப் படையினர் பராமரிக்கிறார்கள். 1965 போரில் வெடிக்காமல் விழுந்த குண்டுகள் உள்ளே வைக்கப்பட்டிருக்கின்றன. லோங்கேவாலாவில் 1971 டிசம்பர் 4 இரவு, மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் கீழ் சுமார் 120 வீரர்கள் பாகிஸ்தான் டாங்கிப் படையை விடியும்வரை தடுத்து நிறுத்தினார்கள். காலையில் ஜெய்சல்மேரிலிருந்து வந்த ஹன்டர் விமானங்கள் மீதியைப் பார்த்துக்கொண்டன. அசல் ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். இலங்கை, சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுடன் வருபவர்கள் எல்லைப் பக்கம் போக மாவட்ட நிர்வாகத்தின் முன்அனுமதி வாங்க வேண்டும். ராணுவ வண்டிகளையும் காவல் சாவடிகளையும் படம் எடுக்காதீர்கள். டிரோனை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

போகாவிட்டால் இன்னொரு நாள் ஸ்கூட்டர். காலையில் அகல்: 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காட்டு மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. கம்பிவலைக்குள், தகரக் கூரையடியில் ஒவ்வொரு தண்டாக இருக்கும். அரை மணி நேரம் போதும், குழந்தைகளுக்கு அதுவும் அதிகம். நிழல் இல்லாததால் பத்து மணிக்குமுன் முடியுங்கள். பிறகு ஊர் வழியாக ஜோத்பூர் சாலைக்குத் திரும்பி போர் அருங்காட்சியகம். 2015இல் திறந்தது, கைப்பற்றிய டாங்கிகள், ஒரு ஹன்டர் விமானம், லோங்கேவாலாவுக்குத் தனி அரங்கம் எல்லாம் இருப்பதால், தனோட் போகாத குறை ஓரளவு இங்கே தீரும்.

அன்றிரவு ரயில் என்றால் ஸ்கூட்டரை ஐந்து மணிக்கே திருப்பிக் கொடுங்கள். காலையில் எடுத்த வீடியோவைக் காட்டி, முன்பணத்தை வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள்.