விண்டோஸ் ஆக்டிவேஷன் போய்விட்டதா? கடைக்குக் கொண்டுபோகும் முன் இதைச் செய்து பாருங்கள்

தங்கச்சிமடத்தில் எங்கள் தெரு அக்கா ஒருவர் போன மாதம் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் திரையின் வலது கீழ் மூலையில் ‘விண்டோஸை ஆக்டிவேட் செய்யுங்கள்’ என்று சாம்பல் நிறத்தில் ஆங்கில எழுத்து. விண்டோஸ் லைசென்ஸ் சரியானதுதானா என்று மைக்ரோசாஃப்ட் உறுதிசெய்வதுதான் ஆக்டிவேஷன். “காசு குடுத்து வாங்குனதுதானே தம்பி, மறுபடியும் ஏன் கேக்குது?” என்றார். இரண்டு வாரத்துக்கு முன்தான் மதர்போர்டை, அதாவது எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகையை, மாற்றியிருந்தார்கள். காரணம் அதுதான். விண்டோஸின் டிஜிட்டல் லைசென்ஸ் உங்கள் பெயரை வைத்து அல்ல, பெட்டிக்குள் இருக்கும் மதர்போர்டை வைத்துத்தான் கம்ப்யூட்டரை அடையாளம் காண்கிறது. போர்டு மாறினால் விண்டோஸுக்கு அது வேறு கம்ப்யூட்டர்.

ராமேஸ்வரம் பக்கம் நம் கடற்கரையில் இது அடிக்கடி நடக்கும், உப்புக் காற்று போர்டை அரித்துவிடும். உலோகம் எப்படி அரிக்கிறது என்று ஆராயவே காரைக்குடி சிக்ரி நிறுவனம் மண்டபத்தில் ஒரு மையம் வைத்திருக்கிறது என்றால், கடலைப் பார்த்த ஜன்னல் ஓரம் வைத்த போர்டு என்ன பாடுபடும்!

படி 1: தேதியைப் பாருங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் இடம் இதுதான். தேதி தவறாக இருந்தால் மைக்ரோசாஃப்ட் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பு கிடைக்காது, ஆக்டிவேஷனும் நடக்காது. செட்டிங்ஸில் நேரப் பகுதிக்குப் போய், நேர மண்டலம் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி என்று இருக்கிறதா என்று பாருங்கள். தேதியைச் சரிசெய்த பிறகும், கரண்ட் போய் வந்தால் பழைய வருஷத்துக்கே ஓடுகிறதா? போர்டில் உள்ள வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும். டெஸ்க்டாப் என்றால் நீங்களே மாற்றலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள். காசு அளவில் இருக்கும், பெரும்பாலும் சி.ஆர்.2032 வகை, 3 வோல்ட். அக்கா வீட்டுப் பழைய போர்டில் அந்த பேட்டரியை நெம்பி எடுத்தபோது, அடியில் இருந்த பித்தளைத் தகட்டில் பச்சைப் பொடி பூத்திருந்தது. விரலால் தொட்டதும் உதிர்ந்தது. உங்கள் போர்டிலும் அப்படி இருந்தால், முக்கியமான ஃபைல்களை அன்றைக்கே வேறு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள்.

படி 2: பிழை எண்ணைப் படியுங்கள்

செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன். விண்டோஸ் 10 என்றால் அப்டேட் பகுதிக்குள் இருக்கும். அங்கே வரும் நீளமான எண்ணின் கடைசி நான்கு எழுத்துகள் போதும். எஃப்211 என்றால் ஹார்டுவேர் மாறியிருக்கிறது. சி008 என்றால் விண்டோஸ் கீ, அதாவது லைசென்ஸுக்கான எண், வேறு கம்ப்யூட்டரில் ஏற்கெனவே பயன்பட்டிருக்கிறது. சி003 என்றால் கீ முடக்கப்பட்டது. எஃப்074 என்றால் ஏதோ அலுவலகத்துக்கான முறையில் ஏற்றியிருக்கிறார்கள், வீட்டு கம்ப்யூட்டரில் அது இருக்கவே கூடாது.

படி 3: போர்டு மாறியிருந்தால்

நெட் இணைத்துக்கொள்ளுங்கள், மொபைல் ஹாட்ஸ்பாட்டே போதும். அதே பக்கத்தில் ‘ட்ரபிள்ஷூட்’ அழுத்துங்கள். அது தேடி முடித்து, முடியவில்லை என்று சொன்னதும், ‘சமீபத்தில் ஹார்டுவேரை மாற்றினேன்’ என்ற பொருளில் ஒரு வரி வரும். அதை அழுத்தி, போர்டு மாறுவதற்கு முன் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையுங்கள். கம்ப்யூட்டர்களின் பட்டியலில் உங்களுடையதைத் தேர்ந்து, இப்போது பயன்படுத்துவது இதுதான் என்ற கட்டத்தை டிக் செய்து ஆக்டிவேட் கொடுங்கள்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வந்த லைசென்ஸ் என்றால், வெளியில் வாங்கிப் போட்ட புது போர்டுக்கு அதைப் பொதுவாக மாற்ற முடியாது. வாரண்டியில் தயாரித்த நிறுவனமே போர்டை மாற்றினால் அவர்களிடமே கேளுங்கள். தனியாக விலை கொடுத்து வாங்கிய ரீடெயில் லைசென்ஸ் என்றால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்.

படி 4: ஹோமா, புரோவா?

ஹோம், புரோ என்பவை விண்டோஸின் இரண்டு வகைகள். இப்படியும் நடக்கும்: லேப்டாப் வாங்கியபோது உள்ளே இருந்தது ஹோம் லைசென்ஸ். சர்வீஸுக்குப் போய் வந்தபோது யாரோ புரோ ஏற்றிவிட்டார்கள். ஹோம் லைசென்ஸ் புரோவைத் திறக்காது. ஃபைல்களைக் காப்பி எடுத்துவிட்டு மறுபடி ஹோம் ஏற்றினால், போர்டில் பதிந்திருக்கும் கீயை அதுவே எடுத்துக்கொள்ளும்.

‘நான் ஆக்டிவேட் பண்ணித் தர்றேன்’ என்று யாராவது செய்து கொடுத்திருந்தால் சோதித்துவிடுங்கள். விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் எஸ், எல், எம், ஜி, ஆர் ஆகிய ஐந்து ஆங்கில எழுத்துகளை ஒட்டி அடித்து, ஓர் இடைவெளி, ஒரு சாய்வுக்கோடு, அதை ஒட்டி எக்ஸ், பி, ஆர். என்டர். நிரந்தரம் என்று வராமல் முடியும் தேதி ஒன்று வந்தால், அலுவலகங்களுக்கான 180 நாள் முறையில் ஏற்றியிருக்கிறார்கள். அதற்கான கிராக் புரோகிராமை (லைசென்ஸ் இல்லாமல் ஆக்டிவேட் செய்யும் திருட்டு புரோகிராம்) ஓட்ட முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். பேங்க் கணக்கு பார்க்கிற கம்ப்யூட்டரில் தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

படி 5: கீயை அடிக்கும்போது

கீ 25 எழுத்து. அதில் ஓ, ஐ, எல், எஸ் ஆகிய ஆங்கில எழுத்துகளும், 0, 1, 5 ஆகிய எண்களும் வராது. ஓ மாதிரி தெரிந்தால் அது க்யூ அல்லது டி. பி-யா 8-ஆ என்ற குழப்பம்தான் மிஞ்சும், இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

அக்காவுக்கு மூன்றாவது படியிலேயே வேலை முடிந்தது. அவர்களுடையது ரீடெயில் லைசென்ஸ், மகன் பள்ளிக்கூடப் பாடத்துக்காக எப்போதோ கணக்கில் நுழைந்தும் வைத்திருந்தான். உங்கள் கம்ப்யூட்டர் இன்றைக்கு நன்றாக ஓடுகிறதா? சரி, ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, லைசென்ஸ் மைக்ரோசாஃப்ட் கணக்குடன் இணைந்திருப்பதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கணக்கைச் சேர்க்க அங்கேயே வழி இருக்கும். அப்புறம் கம்ப்யூட்டருக்கு உங்களுக்குத் தெரிகிற ஒரு பெயரும் வையுங்கள். அக்கா வீட்டுப் பட்டியலில் ‘டெஸ்க்டாப்’ என்று தொடங்கும் இரண்டு பெயர்கள் இருந்தன, எது எதுவென்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆனது.