நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களே, வால்வைத் தொடும் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள்

கடலூர் சிப்காட்டில் கெமிக்கல் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் முக்கியமாக இது. டார்கெட், ஆள் பற்றாக்குறை, சூப்பர்வைசர் திட்டு என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தால் கண் பார்ப்பது மனதில் பதியாது, கை மட்டும் பழக்கத்தில் தானாகப் போய்விடும், ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஜப்பான் ரயில்வேக்காரர்கள் பல காலமாகச் செய்கிற வழி ஒன்று உண்டு. எதைத் தொடப் போகிறீர்களோ அதை விரலால் சுட்டிக்காட்டி, அதில் எழுதியிருக்கும் டேக் நம்பரையும் (அடையாள எண்) நிலையையும் சத்தமாகச் சொல்லுங்கள். "பம்ப் பி, டிஸ்சார்ஜ் வால்வு, மூடியிருக்கு." அப்புறம் கை வையுங்கள். பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும். கண், விரல், வாய், காது நாலும் ஒரே இடத்தில் நிற்பதால் தப்பான வால்வைத் திறப்பது குறையும். ஷிஃப்ட் மாற்றும்போதும் லாக் புக்கில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராமல், எது பாதியில் நிற்கிறது என்று ஆளிடம் நேரில் கேளுங்கள்.

நைட் முடிந்து நெல்லிக்குப்பம், புதுச்சேரி பக்கம் பைக்கில் போகிறவர்கள் கண் சொருகினால் 20 நிமிடம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள், டீயை மட்டும் நம்ப வேண்டாம்.

ஓ.டி. (ஓவர்டைம்) விஷயத்திலும் கவனம். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து, 35-40 மணி நேரம் செய்பவர்களைவிட 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது. தூக்கமே வரவில்லை, மனசு தாங்கவில்லை என்றால் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.