பழைய ஓட்டலின் வரலாற்றை ஆவணங்களில் தேடும் முறை: கன்னிமாராவை முன்வைத்து

நகரத்துப் பழைய ஓட்டல் ஒன்றைப் பற்றி எழுத முனைவோர் பெரும்பாலும் அதன் பெயரைக் கொண்டே தேடத் தொடங்குகிறார்கள். தேடல் பாதியில் நின்றுவிடுவதற்கு அதுவே முதற்காரணம். சென்னை பின்னி சாலையிலுள்ள கன்னிமாரா ஓட்டல் முதலில் இம்பீரியல் என்றும், பின்னர் ஆல்பனி என்றும் வழங்கியது. இன்றைய பெயரை மட்டும் பிடித்துச் செல்பவருக்கு அதன் தொடக்க காலம் கண்ணிலேயே படாது. பெயரும் உரிமையாளரும் மாறினாலும் மனை மாறுவதில்லை. ஆகவே மனையிலிருந்து தொடங்குவதே முறை.

நகர நில அளவைப் பதிவேட்டிலிருந்து இன்றைய சர்வே எண்ணையும் பழைய சர்வே எண்ணையும் குறித்துக்கொண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கோருங்கள். கணினியில் ஏற்றப்படாத ஆண்டுகளுக்குத் தனியே மனுச் செய்ய வேண்டும். பத்திரங்கள் பொதுவாக முந்தைய கைமாற்றத்தையும் குறிப்பிடுவதால், ஒன்றைப் பிடித்தால் மற்றொன்றுக்குப் பின்னோக்கிச் செல்லலாம். ஸ்பென்சர் நிறுவனத்தின் யூஜின் ஓக்‌ஷாட் 1891-இல் ஓட்டலை வாங்கினார் என்பது போன்ற செய்திகளை உறுதிசெய்ய இதைவிட நேரான வழி இல்லை.

பத்திரம் உரிமையைச் சொல்லுமே தவிர, அங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்லாது. அதற்கு அசைலம் அச்சகம் ஆண்டுதோறும் வெளியிட்ட அல்மனாக் என்னும் விவரத் தொகுப்பை ஆண்டு வரிசையில் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் எந்தப் பதிப்பில் மாறுகிறது என்பதைக் கண்டால் மாற்றம் நிகழ்ந்த காலம் ஏறக்குறைய பிடிபடும். ஆண்டுத் தொகுப்பு என்பதால் மாற்றம் ஓராண்டு தாமதமாகவே அச்சேறியிருக்கக்கூடும் என்பதை மறக்கலாகாது. பிறகு, 1868 முதல் 1981 வரை வெளிவந்த மெட்ராஸ் மெயில் நாளிதழில் அந்தக் காலத்து விளம்பரங்களைத் தேடினால் மாதம்கூடத் தெரியவரலாம்.

எழும்பூரில் 1909 முதல் இயங்கும் ஆவணக் காப்பகத்துக்குச் செல்பவர்கள் ஓட்டலின் பெயரில் கோப்பு இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அரசு எழுதியதெல்லாம் உரிமம், வரி, கட்டட அனுமதி குறித்தவை. அவை துறைவாரியாகவே அடுக்கப்பட்டுள்ளன. ஓட்டலில் மது விற்பனை நடந்ததால், மதுவுக்கான உரிமத்தையும் வரியையும் வகுத்த 1886-ஆம் ஆண்டு அப்காரிச் சட்டத்தையொட்டிய ஆணைகளிலும், 1948-இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிந்த காலத்து ஆணைகளிலும் தேடுவது பயன் தரும். கிடைத்த ஆணையின் எண், தேதி, துறை மூன்றையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

ஓட்டலே அச்சிட்டுத் தரும் வரலாற்றுச் சிற்றேட்டை நான் கடைசியில்தான் படிப்பேன். அதிலுள்ள ஆண்டுகளை வெளிச் சான்றால் சோதிக்க வேண்டும். கன்னிமாரா பிரபு சென்னை ஆளுநராக இருந்தது 1886 முதல் 1890 வரை. அதற்கு முன்பே ஓட்டலுக்கு அவர் பெயர் இருந்ததாகக் கூறும் எந்த வரியையும் அப்படியே ஏற்க இயலாது.

விருந்தினர் பதிவேடுகள் கைக்குக் கிடைப்பது அரிது. கட்டட வரைபடங்களோ எதிர்பாராத ஊரில் இருக்கக்கூடும். 1930-களில் ஓட்டல் வடிவியல் அலங்காரங்கள் கொண்ட ஆர்ட் டெகோ என்னும் கட்டடப் பாணியில் திருத்திக் கட்டப்பட்டது. 1970-களில் அதை விரிவாக்கியவர் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. எனவே இரண்டாவது கட்டத்துக்கான தாள்களைத் தேடுவோர், பாவாவின் வரைபடங்களைக் காத்துவரும் கொழும்பு அறக்கட்டளைக்கும் எழுதிக் கேட்க வேண்டும்.