போர்ட்ரெய்ட்டுக்கு முதல் டிஎஸ்எல்ஆர்: லென்ஸை முடிவு செய்துவிட்டு பாடிக்குப் போங்கள்

கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்து, படம் எடுக்கப்போகும் இடத்தை அளந்துவிடுங்கள். வேலூரில் சத்துவாச்சாரியிலோ காட்பாடி காந்தி நகரிலோ ஒரு நடுத்தர வீட்டு ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி, மிஞ்சிப்போனால் பத்துக்குப் பதினைந்து இருக்கும். எந்த லென்ஸ் வாங்கலாம் என்பதை அந்த அளவுதான் சொல்லும். எத்தனை மெகாபிக்சல் என்கிற பேச்செல்லாம் அதற்கப்புறம்.

முதல் கேமராவாக வாங்கும் டிஎஸ்எல்ஆர் பெரும்பாலும் கிராப் சென்சார்தான், அதாவது படம் பதியும் சென்சார் பழைய ஃபிலிம் அளவைவிடச் சின்னது. அதில் 50 மி.மீ. லென்ஸ் போட்டால், ஃபிலிம் அளவே உள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரில் 75 (நிக்கான்) அல்லது 80 (கேனான்) மி.மீ. போட்டதுபோல் காட்சி சுருங்கித் தெரியும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, நிற்கும் ஒருவரைத் தலை முதல் கால் வரை, கொஞ்சம் இடம் விட்டு எடுக்க 50 மி.மீ. லென்ஸுக்குச் சுமார் 15 அடி தூரம் வேண்டும். 85 மி.மீ. என்றால் 25 அடி. 35 மி.மீ. என்றால் பத்து, பத்தரை அடி போதும். தலையும் தோளும் மட்டும் என்றால் 50 மி.மீ.க்கு நாலரை அடி, 85க்கு ஏழரை அடி. இதோடு ஆளுக்கும் பின்சுவருக்கும் நடுவே நான்கைந்து அடி விட வேண்டும். சுவரை ஒட்டி நிறுத்திவிட்டு எந்த லென்ஸைப் போட்டாலும் பேக்ரவுண்ட் பிளர் ஆகாது. பன்னிரண்டு அடி ஹாலில் இதைக் கூட்டிப் பார்த்தால் 50 மி.மீ.யில் இடுப்பளவு படம் வரும். 85 வாங்கினால் முகத்தோடு சரி. எல்லாரும் புகழ்கிறார்களே என்று 85ஐ முதல் லென்ஸாக வாங்கியவர்கள் வீட்டுக்குள் அதை வெளியே எடுப்பதே இல்லை.

கிட்டே போய் 18 மி.மீ.யில் எடுத்தால் என்ன? மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் வரும். குற்றம் லென்ஸுடையதல்ல, தூரத்துடையது. முகம் நேரில் பார்ப்பதுபோல் இருக்க நாலரை, ஐந்து அடிக்குக் குறையாமல் தள்ளி நிற்க வேண்டும். அந்தத் தூரத்தில் முகம் ஃபிரேமை நிறைக்கிற லென்ஸே உங்களுக்குத் தேவை.

பாடியோடு (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) வரும் 18-55 கிட் லென்ஸ், 55 மி.மீ.யில் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் என்பது லென்ஸ் திறப்பின் அளவு, எண் குறையக் குறையத் திறப்பு பெரிது. 50 மி.மீ. எஃப் 1.8 அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். சாயங்காலம் டியூப்லைட் வெளிச்சத்தில் கிட் லென்ஸுக்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 6400 கேட்கும் இடத்தில், இதற்கு 640 அளவே போதும். புள்ளி புள்ளியாக வரும் முகத்துக்கும் தெளிவான முகத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அதற்காகக் கிட் லென்ஸை விற்றுவிடாதீர்கள். நான்கைந்து பேரை நிறுத்தி எடுக்கும்போது எப்படியும் எஃப் 5.6 வைத்தாக வேண்டும். அங்கே அதுதான் கைகொடுக்கும். ஃபிளாஷை வெள்ளைக் கூரையில் அடித்துத் திருப்பினால் வெளிச்சம் மென்மையாக விழும். பச்சையும் ரோஸும் அடித்த சுவரில் திருப்பினால் அந்த நிறம் அப்படியே முகத்தில் ஏறும், பிறகு சரிசெய்வது பெரும் பாடு.

கேனானில் இஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் வாங்கினால் யோசிக்கவே வேண்டாம், எல்லா இஓஎஸ் டிஎஸ்எல்ஆரிலும் வேலை செய்யும். நிக்கானில் ஒரு பொறி இருக்கிறது. 50 மி.மீ. எஃப் 1.8 அங்கே இரண்டு வகை: பழைய ‘டி’ லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, ஃபோகஸ் செய்யும் மோட்டார் பாடியில் இருக்க வேண்டும். டி3500, டி5600 போன்ற பாடிகளில் அது இல்லை. விலை குறைவாகக் கிடைத்தது என்று ‘டி’யை வாங்கி மாட்டினால் கையால்தான் வளையத்தைத் திருப்ப வேண்டும். ‘ஏஎஃப்-எஸ்’ என்று போட்ட ‘ஜி’ லென்ஸைக் கேட்டு வாங்குங்கள். ஹால் சின்னதென்றால் நிக்கானின் டிஎக்ஸ் (கிராப் சென்சாருக்கான) 35 மி.மீ. எஃப் 1.8 ஜி நல்ல தேர்வு.

இப்போது பாடி. கேனானும் நிக்கானும் புது முயற்சிகளை எல்லாம் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) பக்கம் திருப்பிவிட்டதால், டிஎஸ்எல்ஆரில் நல்லது தேடினால் செகண்ட் ஹேண்டில்தான் போய் நிற்கும். அது மோசமில்லை. இஎஃப் லென்ஸைப் பின்னாளில் அடாப்டர் வைத்து கேனான் மிரர்லெஸில் மாட்டினாலும் ஆட்டோஃபோகஸ் ஓடும். நிக்கான் மிரர்லெஸில் எஃப்டிஇஸட் என்ற அடாப்டர் வைத்தால் ஏஎஃப்-எஸ் லென்ஸில் ஆட்டோஃபோகஸ் ஓடும், பழைய ‘டி’யில் ஓடாது. அதனால் பட்ஜெட்டில் பாதியை லென்ஸுக்கு ஒதுக்கினால் வீணாகாது.

2017இல் வந்த கேனான் 200டி, முதல் கேமராவுக்கு என் ஓட்டு. லைவ் வியூவில், அதாவது பின் திரையைப் பார்த்து எடுக்கும்போது, முகத்தைப் பிடித்து வேகமாக ஃபோகஸ் செய்யும். 3000டி வேண்டாம், லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக். நிக்கானில் டி5600 போதுமானது. டி7200 கிடைத்தால் இன்னும் நல்லது, மோட்டாரும் உள்ளே இருக்கிறது.

செகண்ட் ஹேண்ட் பார்க்கப் போகும்போது உங்கள் மெமரி கார்டையும் ஒரு டார்ச்சையும் கொண்டுபோங்கள். லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். நாலு தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலைபோல் கிளை கிளையாக ஏதாவது தெரிந்தால் அது ஃபங்கஸ், எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள். எஃப் 16 வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்குங்கள், சென்சார் அழுக்கு கறுப்புப் பொட்டாகத் தெரியும். ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்ற எண், நிக்கானில் படக் கோப்புக்குள்ளேயே பதிவாகிறது. கேனானில் பெரும்பாலும் அப்படி இல்லை. படத்தின் வரிசை எண்ணைக் காட்டி ‘இவ்வளவுதான் ஓடியது’ என்றால் நம்பாதீர்கள், அது 9999க்குப் பிறகு திரும்ப முதலிலிருந்து தொடங்கும். கல்யாண வேலையில் ஓடிய பாடி என்றால் கைப்பிடி ரப்பர் தளர்ந்திருக்கும், ஓரங்களில் கறுப்பு தேய்ந்திருக்கும்.

லென்ஸும் பாடியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க மூன்று தீப்பெட்டி போதும். மேசைமேல் பக்கம் பக்கமாக நிறுத்துங்கள். நடுப்பெட்டிக்கு ஒரு தீப்பெட்டி நீளம் முன்னால் ஒன்று, அதே அளவு பின்னால் ஒன்று. ஐந்தடி தள்ளி, கேமராவைப் புத்தக அடுக்கின்மேல் வைத்து, எஃப் 1.8இல் நடு ஃபோகஸ் புள்ளியால் நடுப்பெட்டியை ஃபோகஸ் செய்து எடுங்கள். எம்எஃப்புக்கு (கையால் ஃபோகஸ்) மாற்றி வளையத்தைத் திருப்பிக் கலைத்துவிட்டு, மறுபடி ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்) வைத்து எடுங்கள். பத்துப் படம் எடுத்தால் தெரிந்துவிடும். எல்லாவற்றிலும் முன்பெட்டியே தெளிவாக இருந்தால் ஃபோகஸ் முன்னால் விழுகிறது. நிக்கான் டி7200, கேனான் 80டி போன்றவற்றில் மெனுவில் திருத்தலாம். 200டி, டி5600இல் அந்த வசதி இல்லை. லைவ் வியூவில் எடுத்தால் சென்சாரே ஃபோகஸைப் பார்ப்பதால் பிழை வராது. ஐந்தடியில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக விழுவது மொத்தம் ஆறு சென்டிமீட்டர்தான். முகம் கொஞ்சம் திரும்பினாலே ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல். லென்ஸ் கெட்டுப்போனது என்று பயப்படாமல் எஃப் 2.8 வையுங்கள், பத்து சென்டிமீட்டர் கிடைக்கும்.

எல்இடி விளக்குக்கடியில் படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால் ஷட்டர் வேகத்தை 1/100 நொடிக்கு இறக்குங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கிறது.

வெளியே எடுப்பவர்களுக்கு வேறு சிக்கல். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 1.8 என்றால் ஷட்டர் 1/8000 கேட்கும். 200டி, டி5600 போன்ற பாடிகள் 1/4000இலேயே நின்றுவிடும், படம் வெளுத்துவிடும். எஃப் 2.8ஓ அதைவிடப் பெரிய எண்ணோ வைத்தால் சரியாகும். அதைவிட, வேலூர் வெயிலில் பதினொரு மணிக்கு யாரையும் நிறுத்தாமல் இருப்பது மேல். கோட்டை மதில் நிழலின் விளிம்பில் ஆளை நிறுத்தி, முகத்தை வெளிச்சமான வானத்தைப் பார்க்கத் திருப்புங்கள். பாலாற்று மணலில் காலை வெயிலில் எடுத்தால் மணலே கீழிருந்து வெளிச்சம் கொடுத்து, கண்ணுக்கடியில் விழும் நிழலைக் குறைக்கும். லென்ஸை மட்டும் அங்கே கழற்றாதீர்கள்.

வாங்கிய பிறகு பையிலேயே போட்டு அலமாரியில் பூட்டி வைத்தால் ஐப்பசி மழையில் ஃபங்கஸ் பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடும் ஒரு சின்ன ஈரப்பதமானியோடும் வையுங்கள். முள் 40க்கும் 50க்கும் நடுவே நிற்கட்டும். நீல ஜெல் ரோஸாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். அதைச் சமையல் பாத்திரத்தில் போட்டு வறுக்காதீர்கள், அந்த நிறம் தரும் ரசாயனம் உடம்புக்கு ஆகாது. புதுப் பாக்கெட் வாங்கிப் போடுங்கள்.